மென்மை: ஒரு சொல்லும் அதன் சுற்றமும்

'ஒத்த கருத்துச் சொல் எழுதுக' என்ற வினா இடம்பெறாத தமிழ்ப் பரீட்சைத் தாள் எதனையும் நாம் கண்டதில்லை. 'மென்மை' என்ற சொல்லுக்கு நேரே 'மிருது' என்று எழுதினால் ஒரு புள்ளி. எதிர்ச்சொல் என்ற இடத்தில் 'வன்மை' என்று எழுதினால் இன்னொரு புள்ளி. எமது மாணவச் செல்வங்கள் இவ்விரு புள்ளிகளையும் தவறாமற் பெற்றுவிடுகின்றார்கள். அதே மாணவர்கள் கட்டுரை எழுதும்போது, 'எங்கள் ரீச்சர் மிகவும் மிருதுவானவர்' என்றும், 'அம்மா சோற்றை மென்மையாகச் சமைத்தார்' என்றும் எழுதுகின்றார்கள். 'இது பொருந்தாதே' என்று நாம் கூறினால், 'ஏன் சேர், இரண்டும் ஒன்றென்றுதானே புத்தகத்தில் இருக்கின்றது?' என்று திருப்பிக் கேட்கின்றார்கள். நியாயமான கேள்வி. இக்கேள்விக்கு விடை தேடப் புகுந்தபோது, அது கொப்பியோடும் வகுப்பறையோடும் நின்றுவிடாமல் எமது வீட்டு வாசல்வரை எம்மை இழுத்துச் சென்றது. ஆகவேதான் மாணவர்க்கென்று எழுதத் தொடங்கிய இதனைப் பெற்றோரையும் சேர்த்து விளித்து எழுதுகின்றோம்.

சொற்களைப் பட்டியலாக மனனம் செய்வது எமது மரபுக்குப் புதியதன்று. திவாகரம், பிங்கலம், சூடாமணி ஆகிய நிகண்டுகளை அக்காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பாடலாகவே நெட்டுருப் பண்ணினார்கள். மானிப்பாய் அகராதி என வழங்கும் யாழ்ப்பாண அகராதி 1842 ஆம் ஆண்டில் அச்சேறிய பின்னரும் நிகண்டுப் படிப்பு மறைந்துவிடவில்லை. ஆறுமுக நாவலரே சூடாமணி நிகண்டைப் பதிப்பித்துப் பிள்ளைகளின் கையிற் கொடுத்தார். ஆனால் அந்தப் பிள்ளைக்கு வீடு தமிழ், வயல் தமிழ், கோயிலும் சந்தையும் தெருச்சண்டையுங்கூடத் தமிழ். அவனிடம் விறகு நிறைய இருந்தது; பட்டியல் அதனைக் கட்டும் கயிறாயிற்று. யேர்மனியிலே கிழமைக்கு ஒரு நாள், அதுவும் சில மணித்தியாலங்கள் மாத்திரம் தமிழோடு இருக்கும் பிள்ளையிடம் கயிற்றை மட்டும் நீட்டினால் அவன் எதைக் கட்டுவான்?

1992 இல் முதன்முதலாக வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி சொல்லுக்குப் பொருள் கூறுவதோடு நிற்காமல், அச்சொல் வாக்கியத்தில் எவ்வாறு நடமாடுகின்றது என்பதையும் எடுத்துக்காட்டினால் விளக்கியது. ஒரு சொல் எதனோடு சேரும், எதனோடு சேராது என்பதை அறிந்தவனே அச்சொல்லை அறிந்தவன். எமது பயிற்சிப் புத்தகங்கள் இன்னும் பட்டியலை விட்டு வெளியே வந்தபாடில்லை என்பது எமது முறைப்பாடு.

முதலில் சொல்லின் குடும்பத்தைப் பார்ப்போம். மென்மை என்ற பண்புப் பெயரின் அடி 'மெல்' என்பதாகும். அந்த 'ல்' பின்னால் வரும் எழுத்துக்கு ஏற்ப உரு மாறும். மெல்லினம் என்று வரும்போது இரட்டிக்கும். மென்காற்று, மென்கொடி என்று வரும்போது 'ன்' ஆகும். மெல்ல, மெல்லிய, மெல்லியல், மெலிவு, மெலிதல் யாவும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். எமது மாணவர்கள் கணினியிலே நாள்தோறும் கையாளும் மென்பொருளும் இக்குடும்பத்தின் கடைக்குட்டியே. கைக்கு அகப்படும் இயந்திரப் பாகத்தை வன்பொருள் என்றும், கைக்கு அகப்படாத கட்டளைத் தொகுதியை மென்பொருள் என்றும் பெயரிட்டவர்கள் பழைய அடியையே எடுத்துப் புதிய பொருளுக்குப் பொருத்தினார்கள். மிருதங்கமும் 'மிருது'வின் உறவோ என்று மிருதங்கம் பயிலும் மாணவர் ஒருவர் எம்மிடம் கேட்டார். அன்று. அது வடமொழியில் மண்ணைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. ஆதியில் அதன் உடல் மண்ணாற் செய்யப்பட்டது. ஓசை ஒத்திருப்பதனால் உறவு உண்டாகிவிடாது.

இனி, ஒத்த கருத்துச் சொற்கள் என்று பட்டியலில் ஒன்றாக நிற்பவற்றைத் தனித்தனியே விசாரிப்போம்.

மிருது என்பது தோலும் துணியும் பற்றியது. கையாற் தடவி அறிவது. மிருதுவான பட்டு, மிருதுவான கன்னம் என்போம். ரீச்சரைத் தடவிப் பார்த்து அறிய முடியாதாகையால் அவர் மிருதுவானவர் அல்லர்! மெத்தென்று இருப்பது இன்னொன்று. அமர்த்தினால் உள்ளே போய் மீண்டும் எழுவது. தலையணை, மெத்தை, நன்கு பொங்கிய அப்பத்தின் நடுப்பகுதி என்பன மெத்தென்று இருக்கும். நொய்மை என்பதோ எளிதில் உடையக்கூடிய மென்மை. அரிசி உடைந்து குறுணியானால் அது நொய். நோயாளியின் வயிற்றுக்கு ஏற்றதென்று நொய்க்கஞ்சி காய்ச்சிக் கொடுத்த அம்மம்மாமாருக்கு இச்சொல்லின் பொருளை எவரும் பாடமாகக் கற்பிக்கவில்லை.

இளக்கம் சூட்டினால் வருவது. மெழுகு இளகும், வெல்லம் இளகும், மனமும் இளகும். மனத்தை இளகச் செய்ய எங்கோ ஒரு சூடு, ஒரு துயரோ கண்ணீரோ, வேண்டியிருக்கின்றது என்று மொழி அறிந்து வைத்திருக்கின்றது. நெகிழ்வு என்பது கட்டு விடுபடுவது. முடிச்சு நெகிழும், இறுகியிருந்த நெஞ்சும் நெகிழும். கனிவுக்குச் சூடும் வேண்டாம், கட்டவிழ்ப்பும் வேண்டாம், காலம் வேண்டும். காய் தானாகப் பழமாவதுபோல் மனிதர் தானாகக் கனிய வேண்டும். ஆதலால் நாம் 'கனிவான முதியவர்' என்கின்றோம். 'கனிவான குழந்தை' என்று ஒருவரும் சொல்வதில்லை. மேலே கண்ட ரீச்சருக்கு உரிய சொல்லும் 'கனிவு' என்பதே.

குழைவு என்ற சொல் எமக்கு மிகவும் பிடித்தமானது. சோறு குழைந்தால் சமைத்தவருக்குக் குறை. குரல் குழைந்தால் பாடியவருக்குப் பெருமை. புட்டு ஒருபோதும் குழையக்கூடாது. அது மென்மையாகவும் இருக்க வேண்டும், உதிரியாகவும் இருக்க வேண்டும். ஆனால் நண்பகல் மிச்சச் சோற்றையும் குழம்பையும் ஒரே சட்டியிலிட்டுக் கையாற் குழைத்து, சுற்றியிருக்கும் பிள்ளைகளின் வாயில் ஒவ்வொரு கவளமாகத் தீத்திவிடும்போது, அந்தக் குழையலுக்கு ஈடான உணவு எது? 'தீத்துதல்' என்பது எமது ஊர்ச்சொல். தமிழ்நாட்டில் ஊட்டுதல் என்பர். மாணவர் பலருக்கு இச்சொல் தெரியாது. அவர்கள் கரண்டியால் உண்டு வளர்ந்தவர்கள். கரண்டியைக் குறை கூறுவதற்காக இதனைச் சொல்லவில்லை. ஒரு வழக்கம் போகும்போது அதற்குரிய சொல்லும் மூட்டை கட்டிக்கொண்டு புறப்பட்டுவிடுகின்றது என்பதற்காகவே சொல்கின்றோம்.

இந்நாட்டு மொழியாகிய டொச்சிலே எமது பிள்ளைகள் எவ்வளவு நுட்பமாக இருக்கின்றார்கள் என்பதை நாம் கவனித்ததுண்டு. தலையணைக்கு 'வைஹ்' என்பார்கள். குழந்தையின் தோலுக்கு 'ட்ஸார்ட்' என்பார்கள். ஒருவருடைய இயல்புக்கும் தொடுகைக்கும் 'ஸான்ஃப்ட்' என்பார்கள். தாழ்ந்த ஓசைக்கு 'லைஸ' என்பார்கள். ஒன்றை எடுத்து மற்றதன் இடத்தில் வைப்பதில்லை. இவர்களுக்குச் சொல் நுட்பம் இல்லையென்று எவர் சொல்ல முடியும்? நுட்பம் இருக்கின்றது, தமிழில் அதனைப் பயிலும் வாய்ப்பே இல்லை.

அதேவேளை, தமிழ் ஒரே சொல்லில் அடக்கியதை டொச் மூன்றாகப் பிரித்து வைத்திருப்பதையும் மாணவர்கள் அறிய வேண்டும். தொட்டிலில் பிள்ளை உறங்குகின்றது. 'கதவை மெல்லச் சாத்து' என்கின்றார் அம்மா. ஆறுதலாகவா, ஓசையின்றியா, அதிராமலா? மூன்றும்தான். டொச்சிலே 'லாங்ஸாம்', 'லைஸ', 'ஸான்ஃப்ட்' என்று மூன்று சொற்களால் சொல்ல வேண்டியதை 'மெல்ல' என்ற ஒரு சொல் சுமந்து செல்கின்றது. திருநெல்வேலி, குமரி மாவட்டத்தார் இவ்விடத்தில் 'பைய' என்பார்கள். விரைவு குறைந்தால் ஓசை குறையும், ஓசை குறைந்தால் பிறர்க்கு நோகாது என்று இம்மூன்றையும் ஒரே செயலின் மூன்று பக்கங்களாகக் கண்டவர்கள் எமது முன்னோர்கள். சொல் குறைவு என்பது மொழியின் வறுமை என்று கருதும் மாணவர்கள் 'மெல்ல' என்பதை ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும்.

'ஆறுதல்' என்பதும் அத்தகையதே. தமிழ்நாட்டார் துயரத்தில் இருப்பவருக்குச் சொல்லும் தேற்றுரையையே பெரிதும் ஆறுதல் என்பர். யாழ்ப்பாணத்தில் அப்பொருளோடு, 'ஆறுதலாய் வாங்கோ', 'ஆறுதலாய் இருந்து சாப்பிடுங்கோ' என்று அவசரமின்மைக்கும் அச்சொல்லையே வழங்குகின்றோம். பால் ஆறும், புண் ஆறும், பசி ஆறும், களைப்பு ஆறும். சூடு தணிந்து அமைவதெல்லாம் ஆறுதல். தமிழகத்து நண்பர் ஒருவரை நாம் 'ஆறுதலாய் வாங்கோ' என்று அழைத்தபோது, தமக்கு என்ன துயரம் நேர்ந்ததென்று அவர் திகைத்தார்!

இந்த இடத்தில் தட்பவெப்பமும் மொழிக்குள் புகுந்து விளையாடுகின்றது. எமது நாடு வெயில் நாடு. ஆகவே குளிர்ச்சி எமக்கு அன்பு. மனம் குளிர்ந்தது என்போம். கண் குளிரக் கண்டோம் என்போம். தண்ணளி என்றால் அருள். யேர்மனி பனி நாடு. இங்கே வெம்மைதான் அன்பு. 'வார்ம்ஹெர்ட்ஸிக்' என்றால் வெதுவெதுப்பான நெஞ்சுடையவர், அதாவது நல்லவர். 'கால்ட்ஹெர்ட்ஸிக்' என்றால் குளிர்ந்த நெஞ்சுடையவர், அதாவது இரக்கமற்றவர். 'உன்னைக் கண்டதும் என் மனம் குளிர்ந்தது' என்று அப்பம்மா தொலைபேசியிற் சொல்ல, பேரப்பிள்ளை அதனைச் சொல்லுக்குச் சொல் டொச்சுக்கு மாற்றினால் விளைவு என்னவாகும்? அப்பம்மாவுக்குத் தன்மீது அன்பு விட்டுப்போயிற்று என்றல்லவா பிள்ளை எண்ணும்! இத்தகைய இடங்களிலேதான் தமிழ்ப் பாடசாலை ஆசிரியருக்கு உண்மையான வேலை இருக்கின்றது. எதிர்ச்சொற் பட்டியலில் அன்று.

எழுத்திலும் மென்மையைப் பெயராக வைத்த மொழி எம்முடையது. வல்லினம் ஆறு, மெல்லினம் ஆறு, இடையினம் ஆறு. 13 ஆம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், வல்லினம் மார்பிலும் மெல்லினம் மூக்கிலும் இடையினம் கழுத்திலும் இடங்கொண்டு பிறக்கும் என்றார். மாணவர்கள் இதனை மனனம் செய்கின்றார்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு 'மாமா' என்று சொல்லிப் பார்த்தால் நொடியில் விளங்கிவிடும். ஒவ்வொரு வல்லின எழுத்துக்கும் மெல்லினத்தில் ஓர் இனத்தோழன் உண்டு: க–ங, ச–ஞ, ட–ண, த–ந, ப–ம, ற–ன. பாக்கு–பாங்கு, மச்சம்–மஞ்சம், கட்டு–கண்டு, பத்து–பந்து, கப்பு–கம்பு, குற்றம்–குன்றம் என்று உரக்கச் சொல்லிப் பாருங்கள். வல்லெழுத்து தன் இனத்தோடு இரட்டித்து நின்றால் முட்டி மோதி ஒலிக்கின்றது. மெல்லெழுத்து பக்கத்தில் வந்து நின்றதும் அதே எழுத்து தன் கடுமை தணிந்து ஒலிக்கின்றது. மெல்லெழுத்து வல்லெழுத்தை அழிப்பதுமில்லை, அதனிடம் அழிந்துபோவதுமில்லை. டொச் வழியாக வாசிக்கப் பழகிய பிள்ளைகள் 'பந்து' என்பதை 'பன்த்து' என்று இறுக்கி வாசிப்பது இந்த இரகசியம் தெரியாமையினாலேயே.

மென்மை என்றதும் மெலிவு என்று எண்ணும் மயக்கம் ஒன்று எம்மவரிடம் உண்டு. இரண்டும் ஓரடியிற் பிறந்தவையாதலால் மயக்கம் இயல்பே. திருக்குறளில் மெலியார் என்றால் வலிமை குறைந்தவர். அருளுடைமை அதிகாரத்தின் இறுதிக் குறளில் (250), தன்னிலும் மெலிந்தவர்மீது பாயப் போகின்றவன், தன்னிலும் வலியவர் முன்னே தான் நின்ற நிலையை நினைத்துக்கொள்ளட்டும் என்கின்றார் வள்ளுவர். வலியவனிடத்தில் அவர் எதிர்பார்ப்பதே மென்மை. மெலிந்தவனுக்கு மென்மையைப் போதிக்க வேண்டிய தேவை அவருக்கு எழவில்லை. எமது அண்மைக்கால அரசியல் வழக்கிலோ 'மென்போக்கு' என்ற சொல் ஏறத்தாழ ஒரு வசையாகவே வழங்கியது. அதன் நியாய அநியாயங்களுக்குள் நாம் இங்கு புகவில்லை. ஒரு சொல் வசையாக மாறும்போது அதன் சுற்றத்தார்க்கும் அந்தக் கறை சிறிது ஒட்டிக்கொள்கின்றது என்பதை மாத்திரம் குறித்து வைக்கின்றோம்.

இன்னொரு கறையும் உண்டு, அது பழையது. மெல்லியல், மெல்லியலாள், மென்கொடி என்று மென்மையைக் கொண்டு ஆக்கிய பெயர்களெல்லாம் பெண்ணுக்கே உரியனவாயின. ஆண்பிள்ளைக்கு அந்த அடியிலிருந்து ஒரு பெயரும் வைக்கவில்லை. 'ஆம்பிளைப் பிள்ளை அழலாமோ?' என்பதைத்தான் அவனுக்குக் கொடுத்தோம். ஆனால் வள்ளுவர் அனிச்சப் பூவை முகர்ந்தால் வாடும் என்று சொல்லி, விருந்தினர் முகம் மாறி நோக்கினாலே வாடிவிடுவர் என்று ஒப்பிட்டபோது (குறள் 90) அந்த விருந்தினரை ஆண் என்றோ பெண் என்றோ பிரிக்கவில்லை. வாசலில் வந்து நிற்கும் எவரும் அனிச்சமே. எமது வகுப்பில் ஆண்பிள்ளைகளும் இக்குறளைக் கற்கின்றார்கள். அவர்களுக்கும் அது பொருந்தும் என்பதை நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

இப்போது வீட்டு வாசலுக்கு வருகின்றோம். பெற்றோர்களே, ஒரு நாள் முழுவதும் நாம் எமது பிள்ளைகளோடு தமிழிற் பேசுபவற்றை எண்ணிப் பார்ப்போமா? 'எழும்பு. கெதியாய் வெளிக்கிடு. சாப்பிடு. போனை வை. கத்தாதை. படி. படு.' அத்தனையும் ஏவல். கொஞ்சுதலும், பாராட்டும், மன்னிப்பும், நன்றியும் பல வீடுகளில் டொச்சுக்குப் போய்விட்டன. பிள்ளை விழுந்து முழங்கால் உரசிக்கொண்டு வந்தால் எமக்கு முதலில் வாயில் வருவதும் சில வேளைகளில் அந்த மொழிதான். இதனால் பிள்ளையின் உள்ளத்திலே ஒரு பாகுபாடு உண்டாகின்றது: அதட்டுவதற்குத் தமிழ், அணைப்பதற்கு டொச். 'தமிழ் ஒரு சத்தமான மொழி, சேர்' என்று எட்டு வயது மாணவி ஒருத்தி எம்மிடம் சொன்னாள். அவள் தமிழைப் பழிக்கவில்லை. தான் கேட்டதைச் சொன்னாள்.

இந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது என்று எமக்குத் தெரியும், பிள்ளைகளுக்குத் தெரியாது. எமது தலைமுறையில் பலர், 2009 ஆம் ஆண்டு மே மாதத்தில் முடிவடைந்த போரின் ஊடாக வந்தவர்கள். செல் கூவிக்கொண்டு வரும்போது, 'மகனே, தயவுசெய்து பங்கருக்குள் இறங்குவாயா?' என்று எந்தத் தாயும் கேட்டதில்லை. 'ஓடு! குனி! படு!' என்றாள். ஈரெழுத்து ஏவல்கள். அவை குறுகியதாலும் உரத்ததாலும் உயிர்கள் காப்பாற்றப்பட்டன. அந்த ஏவல்களுக்கு நாம் கடமைப்பட்டிருக்கின்றோம். ஆனால் மூன்றாம் மாடி வீட்டிலே, கீழே பேருந்து நேரந்தவறாமல் வந்து நிற்கும் அமைதியான தெருவிலே, காலைச் சப்பாத்தைப் போடச் சொல்வதற்கும் அதே குரல் எழும்புகின்றது. கோபம் இல்லை; பழக்கம். இங்கே பிறந்த பிள்ளைக்குப் பங்கர் தெரியாது. அதற்குக் கேட்பது குரல் மட்டுமே.

'தமிழில் பிற்ற என்பதற்கு என்ன சொல்?' என்று மாணவர்கள் அடிக்கடி கேட்பார்கள். 'தயவுசெய்து' என்று விடை எழுதுகின்றோம். அது அறிவித்தற் பலகைக்கும் விண்ணப்பக் கடிதத்துக்கும் உரிய சொல். சாப்பாட்டு மேசையில் அதனைச் சொன்னால் நாடகம் நடிப்பதுபோல் இருக்கும். ஆகவே தமிழில் வேண்டுகோளே இல்லை, கட்டளை மட்டுமே உண்டு என்று பிள்ளை முடிவு செய்துவிடுகின்றது. எவ்வளவு பெரிய அநியாயம்! தமிழ் தன் வேண்டுகோளைத் தனிச்சொல்லாக வைக்கவில்லை. வினையின் வாலிலே வைத்திருக்கின்றது. வா, வாரும், வாங்கோ என்று மரியாதை படிப்படியாக ஏறும். அதனோடு எமது யாழ்ப்பாணப் பேச்சில் இன்னோர் ஈறும் உண்டு: வாவன், சொல்லன், இருமன், சாப்பிடுங்கோவன். இந்த 'அன்' என்னும் ஈற்றை எந்த இலக்கண நூலிலும் மாணவர்கள் படிப்பதில்லை. ஆனால் 'சாப்பிடு' என்பதற்கும் 'சாப்பிடன்' என்பதற்கும் இடையே ஒரு தாயின் கை நீண்டிருக்கின்றது. முன்னையது ஆணை. பின்னையது இரப்பு, கெஞ்சல், 'உனக்காகத்தானே சொல்கின்றேன்' என்ற உரிமை எல்லாம் சேர்ந்தது.

ஏவலை வினாவாக்கினாலும் அது மென்மையடையும். 'தண்ணி தா' என்பதை 'தண்ணி கொஞ்சம் தாறீங்களே?' என்று கேட்கின்றோம். அதில் வரும் 'கொஞ்சம்' நீரின் அளவைக் குறிப்பதன்று. செம்பு நிறையக் கொடுத்தாலும் அது 'கொஞ்சம்' தான். கேட்பவர் தம் கோரிக்கையைச் சிறிதாக்கிக் கொள்கின்றார், அவ்வளவே. புறப்படும்போது 'போறன்' என்னாமல் 'போட்டு வாறன்' என்பதும் இவ்வகைப்பட்டது. இறந்தவரைக் 'காலமானார்' என்பதும் அப்படியே. சொல்லத் தகாததை வேறு தகுந்த சொல்லாற் கூறுவதை நன்னூலார் தகுதி வழக்கு என்று பெயரிட்டு, இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என வகுத்தார். மென்மையைப் பேச்சு வழக்கின் இலக்கணமாகவே எழுதிவைத்த மொழியை எமது பிள்ளை 'சத்தமான மொழி' என்று அறிந்திருப்பது யாருடைய குறை என்று நாம் விவாதிக்கப் போவதில்லை. அதை எப்படி மாற்றலாம் என்பதே எமது கவலை.

எழுத்துத் தமிழை மட்டும் கற்பிப்பதே தமிழ்ப் பாடசாலையின் கடமை, பேச்சு வழக்கை வகுப்பிற் கொண்டுவருவது தரக்குறைவு என்று வாதிடும் அன்பர்கள் உள்ளனர். அவர்களது தமிழ்ப்பற்றை நாம் மதிக்கின்றோம், கருத்தை ஏற்கவில்லை. ஊரிலே நாம் ஆசிரியப் பணியாற்றிய காலத்தில் பிள்ளைக்குப் பேச்சுத் தமிழை வீடு கொடுத்தது, எழுத்துத் தமிழைப் பள்ளிக்கூடம் கொடுத்தது. பங்கீடு சரியாக இருந்தது. இன்று வீட்டின் பங்கிற் பாதி குறைந்துவிட்ட பின்னரும் பள்ளிக்கூடம் தன் பழைய பங்கை மட்டுமே கொடுப்பேன் என்று நிற்பது பொருந்துமா? 'பக்குவமாய்க் கொண்டு போ', 'நோகாமல் தூக்கு', 'குழைச்சுத் தீத்திவிடு' என்ற வழக்குகளை வகுப்பறையில் ஒருமுறையாவது காதாற் கேளாத பிள்ளைக்கு 'நொய்மை' என்ற சொல்லால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

ஆகவே எதிர்வரும் ஆண்டு எமது ஐந்தாம், ஆறாம் வகுப்புகளுக்கான பரீட்சையில் ஒத்த கருத்துச் சொல் எழுதும் வினாவுக்குப் பதிலாக வேறு வகையான வினாக்களை வைக்கலாம் என்று எண்ணியுள்ளோம். மாதிரிக்குச் சில: தங்கை நித்திரை கொள்கின்றாள், அறைக்குள் நுழையும் தம்பிக்கு என்ன சொல்வாய்? காய்ச்சலில் கிடக்கும் நண்பனைச் சாப்பிடச் சொல்ல வேண்டும். 'சாப்பிடு' என்ற சொல்லை அப்படியே பயன்படுத்தாமற் சொல். பக்கத்து வீட்டு வயோதிப மாதைப் பற்றி ஒரு வாக்கியம் எழுது. மிருது, கனிவு, நொய்மை ஆகியவற்றுள் எது பொருந்தும், ஏனையவை ஏன் பொருந்தா? 'உன்னைக் கண்டு மனம் குளிர்ந்தது' என்பதை உனது டொச் நண்பனுக்கு எவ்வாறு விளக்குவாய்?

இவ்வினாக்கள் பரீட்சைக்கு ஒரு மாதத்துக்கு முன்னரே வீட்டுக்கு அனுப்பப்படும். விடைகளை அம்மா அப்பாவிடமோ, தொலைபேசியில் அம்மம்மா, அப்பப்பாவிடமோ கேட்டறிந்து எழுதலாம். யாரிடம் கேட்டது, அவர் அதை எந்தச் சந்தர்ப்பத்தில் எப்படிச் சொல்வார் என்பதையும் சேர்த்து எழுதினால் மேலதிகப் புள்ளிகள் உண்டு. பட்டியலைப் பார்த்து எழுதும் விடைகளுக்குப் புள்ளிகள் வழங்கப்படமாட்டா.